மதுரையிலிருந்து சிஎஸ்எஃப் புரத ஆய்வு: வார்டு முதல் மாஸ் ஸ்பெக் வரை

மாஸ் ஸ்பெக், அதாவது மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் கருவி, எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன. மதுரையில் இருந்துகொண்டு, யாரிடம் எந்தக் கடிதம் வாங்குவது, நோயாளியின் முதுகில் எடுத்த ஒரு மில்லி நீரைக் கெடாமல் எப்படிக் கருவி வரை சேர்ப்பது, எதற்கு எவ்வளவு காசு எடுத்து வைப்பது என்று சொல்லத்தான் ஆள் கிடையாது. எல்லாக் கதவையும் தட்டி முடித்தபின் எழுதுகிறேன். மூளைத் தண்டுவட நீரில், அதாவது ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்லும் சிஎஸ்எஃப்-இல், நோயால் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க விரும்பும் முதுநிலை மாணவர்களுக்கும் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர்களுக்கும் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவியில் மாதிரி ஓடும் நேரம் சில நாள்தான். உங்கள் ஆய்வு தேறுமா தேறாதா என்பது அதற்கு வெகு முன்பே, ஊசி போட்ட முதல் இரண்டு மணி நேரத்தில் முடிவாகிவிடும்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"நரம்பு நோய்களில் புரத மாற்றம்" என்று எழுதிக்கொண்டு போனால் எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ளாது. ஒரு நோய், ஒரு ஒப்பீடு, அவ்வளவு போதும். நம் பக்கத்து வார்டுகளில் காசநோய் மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் முதுகு நீர் எடுப்பது வழக்கமாக நடக்கும் வேலை. ஆகவே அதையும் மற்ற மூளைக்காய்ச்சல்களையும் ஒப்பிடுவது இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். அல்சைமர் நோய்க்கு நம் ஊரில் முதுகு நீர் எடுப்பது குறைவு; மாதிரி சேர்க்கவே வருடங்கள் போய்விடும். உங்கள் வழிகாட்டிக்கு எது பிடிக்கும் என்பது அப்புறம். எந்த நோய்க்கு எப்படியும் சிஎஸ்எஃப் எடுக்கிறார்கள் என்று வார்டில் போய் விசாரியுங்கள்.

2. எந்தக் கருவி, யாரிடம்

இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. "எங்க காலேஜ்லயே எல்சி-எம்எஸ் இருக்கே" என்பார்கள், மாதிரியைத் திரவ ஓட்டத்தில் பிரித்து எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்கைச் சொல்லி. பார்மசி கல்லூரியிலும் உணவுப் பரிசோதனைக் கூடத்திலும் இருப்பது பெரும்பாலும் மருந்து, பூச்சிக்கொல்லி போன்ற சிறு மூலக்கூறுகளை அளக்க அமைத்த ட்ரிபிள் குவாட் வகைக் கருவி. மாதிரியை ஆவியாக்கிப் பிரிக்கும் ஜிசி-எம்எஸ் புரதத்துக்கு உதவவே உதவாது. நுண்ணுயிரியல் துறையில் பாக்டீரியாவை அடையாளம் காணும் மால்டி கருவியும் இந்த வேலைக்கு இல்லை. உங்களுக்கு வேண்டியது, மிகக் குறைந்த மாதிரியைப் பிரித்துத் தரும் நானோ எல்சி இணைத்த ஆர்பிட்ராப், அல்லது அதற்கு ஈடான க்யூ-டாஃப்; இரண்டும் எடையை மிகத் துல்லியமாக அளக்கும் மாஸ் ஸ்பெக் வகைகள்.

மதுரையிலேயே அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பில் புரோட்டியோமிக்ஸ் (புரதங்களை மொத்தமாக ஆராயும்) துறை இருக்கிறது. அவர்கள் கவனம் கண் நோய்களில். ஆனாலும் கண்ணீர் போன்ற குறைந்த அளவு திரவத்தைக் கையாளத் தெரிந்தவர்களிடம் ஆலோசனை கேட்பது லாபம். வெளியூர் என்றால் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையம், பெங்களூரு சி-கேம்ப், ஹைதராபாத் சிசிஎம்பி, மும்பை ஐஐடி ஆகிய இடங்களில் விசாரிக்கலாம். நாடு முழுக்க எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது என்று தேட மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளம் இருக்கிறது.

மெயில் அனுப்பும்போது நான்கே நான்கு விஷயம் கேளுங்கள். மனித சிஎஸ்எஃப் மாதிரியை வாங்குவீர்களா, நொதியால் செரித்த பெப்டைடை (புரதத் துண்டுகளை) மட்டும்தான் வாங்குவீர்களா? ஒரு மாதிரிக்கு எத்தனை நிமிட ரன்? ரா ஃபைல் (கருவி பதிவு செய்த மூலத் தரவு) தருவீர்களா? இப்போது வரிசை எவ்வளவு நீளம்? பதில் வந்த பிறகுதான் மற்ற எல்லாமே. நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில் எங்கே ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்று எழுத வேண்டியிருக்கும். நடுவில் இடம் மாறினால் திருத்தம் போட்டு மறுபடி காத்திருக்க வேண்டும்.

3. காகித வேலை

இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஒரு மாதத்தில் முடிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டிதான் அடிப்படை. அதை ஒரு தடவையாவது முழுக்கப் படியுங்கள். குழுவில் கேட்கும் கேள்விகளில் பாதி அதிலிருந்துதான் வரும். முதலில் துறையின் அறிவியல் குழு, பிறகு நிறுவன நெறிமுறைக் குழு. நீங்கள் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த ஆய்வாளர், நோயாளி ராஜாஜி அரசு மருத்துவமனையில் என்றால் இரண்டு இடத்துக் குழுவையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அரசு மருத்துவமனை என்றால் டீன் அலுவலக அனுமதியும் வேண்டும். கோப்பு சென்னை வரை போக வேண்டுமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள், கடைசி வாரத்தில் அல்ல.

கையில் இருக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், ஒப்புதல் படிவம், நரம்பியல் துறைத் தலைவரின் சம்மதக் கடிதம், மாதிரியைச் சோதிக்கும் நிறுவனத்தின் கடிதம், இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம், நிதி எங்கிருந்து என்ற விவரம். வெளிநாட்டுக் கூட்டாளியோ வெளிநாட்டுப் பணமோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். முதல் ஆய்வுக்கு அந்த வம்பு வேண்டாம் என்பது என் கருத்து.

தகவல் தாளைக் கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு எடுக்காதீர்கள். குழுவில் இருக்கும் பொதுமக்கள் பிரதிநிதி முதலில் பார்ப்பதே அதைத்தான். நோயாளிக்கு நினைவில்லாவிட்டால் சட்டப்படி முடிவெடுக்கக்கூடிய உறவினரிடம் ஒப்புதல் வாங்கி, நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டுடன், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். மிச்சத்தைப் பின்னாளில் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்பதற்குத் தனிக் கட்டம் வைத்துவிடுங்கள். அது இல்லாமல் ஃப்ரீசரில் கிடக்கும் மாதிரியைத் தொட முடியாது.

வார்டில் உங்களிடம் வரப்போவது படிவத்தைப் பற்றிய கேள்வியாக இருக்காது. "தம்பி, முதுகுல ஊசி போட்டா காலு விளங்காமப் போயிரும்னு சொல்றாகளே" என்று ஒரு அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான், இடுப்பெலும்புப் பக்கம் ஊசி போகிறது, பின்னால் தலைவலி வரலாம், வந்தால் இன்னது செய்வோம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வைத்தியத்துக்காக எப்படியும் எடுக்கிறார்கள், அதில் நமக்கு ஒரு மில்லி என்பதையும், வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் ஆய்வுக்காக மட்டும் ஊசி போடச் சொல்லவில்லை என்பது புரிந்ததும் முகம் மாறும். அவசரப்பட்டுப் பேனாவை நீட்டுகிறவர்களுக்குக் கையெழுத்து கிடைப்பதில்லை.

4. கன்ட்ரோலுக்கு எங்கே போவது

கன்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய, அந்த நோய் இல்லாதவரின் மாதிரி. ஆரோக்கியமான ஒருவர் முதுகில் ஊசி வாங்க வர மாட்டார். வழக்கமான வழி, அறுவை சிகிச்சைக்கு முதுகில் மயக்க ஊசி போடும்போது, மருந்தைச் செலுத்துவதற்கு முன் வரும் நீரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வது. இதற்கும் அதே ஒப்புதல், அதே குழு அனுமதி.

இதில் இரண்டு சிக்கல். மயக்கவியல் டாக்டர்கள் மெல்லிய ஊசி பயன்படுத்துவார்கள். நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், தியேட்டரில் எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அரை மில்லி கிடைத்தாலும் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டாவது, எளிதில் கிடைக்கிறார்கள் என்று சிசேரியன் தாய்மார்களையே எடுத்தால் கன்ட்ரோல் முழுக்க இளம்பெண்களாகிவிடும். வயது ஏற ஏற சிஎஸ்எஃப் புரதம் கூடும். அறுபது வயது ஆண் நோயாளிகளோடு அவர்களை ஒப்பிட்டால் நீங்கள் கண்டுபிடிப்பது வயதைத்தான். எலும்பு முறிவு, குடலிறக்க அறுவை சிகிச்சைகளையும் சேர்த்து வயதையும் பாலினத்தையும் ஒத்துப்போக வையுங்கள்.

5. ஊசியிலிருந்து ஃப்ரீசர் வரை

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. மற்றதைத் தாவிப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

ரத்தம். பெரியவர்களின் சிஎஸ்எஃப்-இல் புரதம் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 15 முதல் 45 மில்லிகிராம். ரத்த சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) அதைப்போல் இருநூறு மடங்கு. ஒரு மில்லி சிஎஸ்எஃப்-இல் வெறும் 5 மைக்ரோ லிட்டர் பிளாஸ்மா கலந்தாலே மொத்தப் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். கண்ணுக்கு லேசான இளஞ்சிவப்பாகத் தெரிவது கருவிக்குப் பெரிய வெள்ளம். முதல் சொட்டுகள் ஆஸ்பத்திரியின் வழக்கமான சோதனைக் குழாய்க்குப் போகட்டும். நீங்கள் பிற்பாடு வருவதை வாங்குங்கள். எத்தனையாவது மில்லி என்பதை எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதலில் வரும் நீருக்கும் பிறகு வரும் நீருக்கும் சில புரதங்களின் அளவு மாறும். சிவப்பணு எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். மைக்ரோ லிட்டருக்கு 500-க்கு மேல் போனால் ஒதுக்கிவிடுவது பலரும் பின்பற்றும் வரம்பு.

குழாய். பாலிப்ரொப்பிலீன் மட்டும். அமிலாய்டு போன்ற ஒட்டும் புரதங்கள் பாலிஸ்டைரீன் சுவரிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு போய்விடும். வார்டில் கையில் அகப்படும் குழாயை நம்பாதீர்கள். உங்கள் பெட்டியோடு போங்கள்.

சுழற்றல். 2000 ஜி விசையில் 10 நிமிடம். வார்டு ஆய்வகத்து சென்ட்ரிஃபியூஜில் ஆர்பிஎம் மட்டும்தான் எழுதியிருக்கும். சுழல் தலையின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 3000 ஆர்பிஎம் என்பது சுமார் 1000 ஜி. 2000 ஜி வேண்டுமானால் 4200-க்கு மேல் வைக்க வேண்டும். ஒரு ஸ்கேல் எடுத்துப் போய் ஆரத்தை அளந்து, கணக்குப் போட்டு, மூடியில் ஸ்டிக்கராக ஒட்டிவிடுங்கள். அணுக்களை நீக்காமல் உறைய வைத்தால் அவை உடைந்து உள்ளிருப்பதெல்லாம் நீரில் கலந்துவிடும்.

நேரம். எடுத்ததிலிருந்து உறைய வைப்பது வரை இரண்டு மணி நேரத்துக்குள். 100 அல்லது 200 மைக்ரோ லிட்டராகப் பிரித்து வையுங்கள், ஒவ்வொரு குழாயும் ஒரே ஒரு முறைதான் உருக வேண்டும். எடுத்த நேரம், சுழற்றிய நேரம், உறைய வைத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

வெப்பநிலை. மைனஸ் 80 டிகிரி. "மைனஸ் 20 போதும் சார்" என்று யாராவது சொன்னால் சிஸ்டாட்டின் சி என்ற சிஎஸ்எஃப் புரதத்தின் கதையைச் சொல்லுங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் அடையாளம் என்று மாஸ் ஸ்பெக் வரைபடம் காட்டிய 12.5 கிலோ டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) உச்சி, கடைசியில் மைனஸ் 20-இல் வைத்திருந்ததால் அந்தப் புரதத்தின் முனையில் எட்டு அமினோ அமிலங்கள் அறுந்துபோன துண்டு என்று தெரியவந்தது. நோயை அல்ல, ஃப்ரீசரை அளந்திருந்தார்கள்.

உள்ளூர் விஷயம் இரண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. உங்கள் ஃப்ரீசர் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் நேரில் காட்டச் சொல்லுங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். அப்புறம், சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அதற்கு முந்தின எதிர்சேவையும் தல்லாகுளம், கோரிப்பாளையம் சுற்றுவட்டாரத்தை அடைத்துவிடும். பெரியாஸ்பத்திரியில் (ராஜாஜி மருத்துவமனை) எடுத்த மாதிரியை நாகமலைப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோகும் கனவு அந்த வாரம் பலிக்காது. அந்த நாட்களில் மாதிரி சேர்க்காதீர்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குள்ளேயே சுழற்றி உறைய வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கூடவே அதே நேரத்தில் 2 மில்லி ரத்தம் எடுத்து சீரம் வையுங்கள். இரண்டிலும் ரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமினை அளந்தால், ரத்தத்தில் இருப்பதை மூளைப் பக்கம் விடாமல் காக்கும் ரத்த–மூளைத் தடுப்பு எவ்வளவு கசிகிறது என்று தெரியும். அது இல்லாமல் பின்னால் கருவியிலிருந்து வரும் புரதப் பட்டியலுக்கு விளக்கம் சொல்ல முடியாது.

6. செரிப்பு: புரதத்தைத் துண்டுகளாக்குவது

காசநோய் சந்தேகமுள்ள மாதிரியை உயிரிப் பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் திறக்க வேண்டும். சுழற்றிவிட்டதால் கிருமி இல்லை என்று நினைக்க வேண்டாம்.

20 மைக்ரோகிராம் புரதம் போதும். சாதாரண சிஎஸ்எஃப்-இல் அது சுமார் 45 முதல் 135 மைக்ரோ லிட்டரில் கிடைத்துவிடும். டிடிடி என்ற வேதிப்பொருள் போட்டுப் புரதத்துக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை உடைத்து, அது மறுபடி சேராமல் இருக்க அயோடோஅசிட்டமைடு போட்டு அரை மணி நேரம் இருட்டில் வைத்து, ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் புரதத்தை வெட்டும் ட்ரிப்சின் நொதியைச் சேர்த்து, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க. மறுநாள் சி18 என்ற பிரிகுழலில் (காலம்) உப்பு நீக்கம். சிஎஸ்எஃப்-இல் உப்பு அதிகம் என்பதால் இதைத் தவிர்க்கவே முடியாது.

யூரியா பயன்படுத்தினால் அன்றன்றைக்குக் கரையுங்கள், சூடாக்கக் கூடாது. சூட்டில் யூரியா புரதத்தோடு ஒட்டி 43 டால்டன் எடையைக் கூட்டிவிடும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத நம் ஆய்வகத்தில் மேசையிலேயே அந்தச் சூடு இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ட்வீன், ட்ரைட்டன் போன்ற சோப்பு வகைகள் ஒரு துளி கூட ஆகாது. 44, 44 டால்டனாக ஏறும் உச்சி வரிசை வந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். கருவிக்காரர்கள் அதைப் பார்த்தால் உங்கள் தட்டை அப்படியே திருப்பி அனுப்புவார்கள். கண்ணாடிப் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கத்தையும் இந்த வேலைக்கு விட்டுவிடுங்கள். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, கட்டிய தலைமுடி, எல்சி-எம்எஸ் தரத் தண்ணீர். இல்லாவிட்டால் பட்டியலின் உச்சியில் உங்கள் தோலின் கெராட்டின் வந்து உட்காரும்.

ஆல்புமினை நீக்க வேண்டுமா? சிஎஸ்எஃப் புரதத்தில் பாதிக்கு மேல் அதுதான். அது இருக்கும்போது அரிய புரதத்தைத் தேடுவது, கல்யாண வீட்டில் மேளக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் கேட்பது போல. ஆனாலும் நீக்கும் பிரிகுழல் விலை அதிகம், மாதிரி நிறையக் கேட்கும், ஆல்புமினோடு ஒட்டிய வேறு புரதங்களும் போய்விடும். முதல் ஆய்வில் நீக்காமல் செய்யுங்கள் என்பேன்.

7. அனுப்புவது

திரவமாக உறைந்த மாதிரியை அனுப்புவதைவிட, மதுரையிலேயே செரித்து, வாக்குவம் கான்சன்ட்ரேட்டரில் உலர்த்தி, பெப்டைடாக அனுப்புவது பல தலைவலியைத் தீர்க்கும். தொற்று பயம் குறையும், வழியில் ஒருநாள் தாமதமானாலும் ஐஸ் பேக்கில் தாங்கும், கருவிக்காரர்களும் சுலபமாக வாங்கிக்கொள்வார்கள்.

திரவமாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால் மூன்று அடுக்குப் பெட்டி, உயிரியல் பொருள் பிரிவு பி என்ற யூஎன் 3373 அடையாளம், டிரை ஐஸுக்கு யூஎன் 1845 அடையாளம். டிரை ஐஸ் பெட்டியைக் காற்றுப்புகாமல் டேப் ஒட்டாதீர்கள். வாயு அடைத்து வெடிக்கும். குழாய் மூடி தளர்ந்திருந்தால் கரியமில வாயு உள்ளே போய் மாதிரி அமிலமாகிவிடும், அதற்கும் பாரஃபிலிம் சுற்றுங்கள். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பிய பெட்டி சனி, ஞாயிறு எந்தக் குடோனில் வெந்தது என்று யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பொங்கல், தீபாவளி வாரங்களில் கூரியர்காரர் சொல்லும் தேதியைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். முடிந்தால் நீங்களே பஸ்ஸோ ரயிலோ ஏறி மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

8. பணம்

ஒரு மாதிரிக்கான ரன் கட்டணம் ஆயிரங்களில் இருக்கும். இடத்துக்கு இடம் மாறும். கல்வி நிறுவனக் கட்டணம், கம்பெனிக் கட்டணம் என்று இரண்டு பட்டியல் இருக்கும். துறைத் தலைவர் கடிதம் இல்லாமல் போனால் இரண்டாவதில் போட்டுவிடுவார்கள். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வருகிறதா என்று கொட்டேஷனில் பாருங்கள். டேட்டா அலசலுக்குத் தனிக் கட்டணமா என்றும்.

ட்ரிப்சின் பார்க்க விலை அதிகமாகத் தெரியும். 20 மைக்ரோகிராம் குப்பி ஒன்றில், மேலே சொன்ன அளவுப்படி ஐம்பது மாதிரி செரிக்கலாம் என்பதால் அது பெரிய செலவில்லை. சி18 பிரிகுழல், நல்ல குழாய்கள், தர நீர், போக்குவரத்து ஆகியவைதான் சத்தமில்லாமல் பையைக் காலி செய்யும். அரசு நிறுவனம் என்றால் கொள்முதல் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளம் வழியாகப் போக வேண்டியிருக்கலாம். இறக்குமதி வேதிப்பொருள் வாரக்கணக்கில் இழுக்கும். நிதி ஆண்டு முடிவில், மார்ச்சில், எதையும் ஆர்டர் செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கையில் இருக்கும் பணத்தில் எல்லா மாதிரியையும் ஒரேயடியாக ஓட்டாதீர்கள். நோயாளி ஆறு, கன்ட்ரோல் ஆறு என்று முதலில் ஓட்டி, தரம் பார்த்துவிட்டு மற்றதை அனுப்புங்கள்.

9. கருவியறையில் கேட்டு வாங்க வேண்டியவை

நோயாளி மாதிரியை ஒரு நாளும் கன்ட்ரோலை மறுநாளும் ஓட்டினால் முடிவு குப்பை. கலைத்துப் போட்ட வரிசையை நீங்களே எழுதிக் கொடுங்கள். எல்லா மாதிரியிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்த பொதுமாதிரி ஒன்றைச் சில ரன்களுக்கு ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். கருவியின் அளவீடு போகப் போக மாறுகிறதா என்று அதில்தான் தெரியும். ரா ஃபைலை ஹார்டு டிஸ்கில் வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள். எக்செல் மட்டும் தந்தால், ஆய்விதழ் கேட்கும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. ப்ரைடு போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றவும் ரா ஃபைல்தான் வேண்டும்.

10. கம்ப்யூட்டர் வேலை

ரா ஃபைலிலிருந்து புரதங்களைக் கண்டறியும் மென்பொருள்களில் மேக்ஸ்குவாண்ட் இலவசம், ஃபிராக்பைப்பும் டயா-என்என்-உம் கல்வி ஆய்வுக்குக் காசில்லாமல் கிடைக்கின்றன. யூனிப்ராட் புரதத் தரவுத்தளத்தில் சரிபார்க்கப்பட்ட மனிதப் புரதப் பட்டியல் சுமார் 20,400. அதை இறக்கி, தவறாக அடையாளம் காணும் விகிதம் 1 சதவீதம் என்று வைத்துத் தேடுங்கள்.

முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபின், கேட்டலேஸ், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 1. சிவப்பணுக்களில் நிறைந்திருக்கும் இவை ஒரு மாதிரியில் மட்டும் எகிறியிருந்தால் ஊசியில் ரத்தம் கலந்திருக்கிறது. அடுத்து, மூளைக்காய்ச்சலில் தடுப்பு கசிவதால் சீரப் புரதம் மொத்தமாக உள்ளே வரும். சம எடை ஏற்றி ஒப்பிட்டால் மூளையிலிருந்து வரும் புரதங்களெல்லாம் குறைந்துவிட்டது போலத் தெரியும். சம கன அளவு ஏற்றினால் எல்லாமே கூடியது போலத் தெரியும். எதைச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், ஆல்புமின் விகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஆயிரம் புரதங்களை 0.05 என்ற அளவுகோலில் சோதித்தால் ஐம்பது தற்செயலாகவே தேறும். ஆகவே பல சோதனைத் திருத்தம் போடாத பட்டியலை வழிகாட்டியிடம் காட்டாதீர்கள். தேறிய இரண்டு மூன்று புரதங்களை எலைசாவில், அதாவது எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் சோதனையில், வேறு நோயாளிகளின் மாதிரியில் சரிபார்க்க வேண்டும். அதற்காகவே நெறிமுறைக் குழு அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆண்டறிக்கையோடு நீட்டிப்பு விண்ணப்பம் போய்விட வேண்டும். காலாவதியான அனுமதியில் எடுத்த மாதிரியை எந்த இதழும் ஏற்காது.